ஃபின்லாந்து டிவி நிறுவனங்களின் முடிவு லோகோ: கேசட்டிலிருந்து எடுத்து, தேதி கண்டுபிடித்து, பதிவு செய்யும் முறை

நிகழ்ச்சி முடிந்து, பெயர்ப்பட்டியல் ஓடி நின்றதும் சில வினாடிகள் ஒரு சின்னம் வந்து போகும். தயாரித்த நிறுவனத்தின் பெயர், ஒரு சின்ன அசைவு, சில சமயம் இரண்டு மூன்று சுரங்கள். பழைய நிகழ்ச்சியை இன்று இணையத்தில் பார்த்தால் பெரும்பாலும் அந்த இடம் வெட்டப்பட்டிருக்கும், அல்லது பின்னாளில் நிறுவனத்தை வாங்கியவரின் லோகோ ஒட்டப்பட்டிருக்கும். ஃபின்லாந்தின் தேசிய ஒலி-ஒளி நிறுவனமான காவி, ஒளிபரப்பை அப்படியே சேமிக்கத் தொடங்கியது 2009இல்தான். அதற்கு முந்தைய முடிவு லோகோக்களுக்கு நம்மிடம் உள்ள சிறந்த சாட்சி, வீடுகளில் பதிவு செய்யப்பட்ட வி.எச்.எஸ். கேசட்.

எல்லாவற்றுக்கும் முதலாக ஒன்று: லோகோவை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். நான்கு வினாடி படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அது எந்த ஆண்டு, எந்த சேனல், மறு ஒளிபரப்பா என்று எதையும் நிறுவ முடியாது. அதற்கு முன்னால் ஓடிய பெயர்ப்பட்டியல், பின்னால் வந்த விளம்பரம், அறிவிப்பாளர் குரல், படத்தின் மேல் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் டெலிடெக்ஸ்ட் (படத்தோடு சேர்த்து அனுப்பப்படும் எழுத்துச் செய்திப் பக்கங்கள்) என நமக்கு வேண்டிய தேதி இவற்றில்தான் இருக்கிறது. லோகோவுக்கு முன்னும் பின்னும் 5 நிமிடமாவது விட்டுப் பிடியுங்கள். பத்து நிமிடத்துக்கு 6 ஜிபி இடம் போகும். அந்த இடத்துக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

கேசட் கைக்கு வந்ததும்

குளிர்காலத்தில் ஃபின்லாந்திலிருந்து பார்சலில் வரும் கேசட்டை உடனே பிளேயரில் போடக்கூடாது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே கிடந்த டேப், அறைச் சூட்டுக்கு வந்ததும் மேலே நீர் பூக்கும். அந்த ஈரத்தோடு ஓட்டினால் டேப், சுழலும் ஹெட் டிரம்மில் ஒட்டிக்கொண்டு கிழியும். பார்சலைப் பிரிக்காமல் 24 மணி நேரம் அறையில் வைத்துவிட்டுப் பிறகு திறங்கள்.

திறந்ததும் கேசட்டின் கண்ணாடி வழியே டேப் சுருளின் பக்கவாட்டைப் பாருங்கள். வெள்ளைப் பொடியோ கோலம்போட்டதுபோன்ற வட்டங்களோ தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டை நல்ல பிளேயரில் போடவே வேண்டாம். ஹெட்டில் ஒட்டி, அடுத்து ஓட்டும் ஒவ்வொரு கேசட்டுக்கும் பரவும். பின்புறம் உள்ள பதிவுத் தடுப்பு நாக்கு உடைக்கப்படாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்ட் பொத்தான் அழுந்தினால் போனது போனதுதான். பிறகு ஒரு முறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். பல ஆண்டு அசையாமல் கிடந்த சுருளின் இழுவிசை இதில் சீராகும்.

லேபிளில் ஈ-180 என்றிருந்தால் சாதாரண வேகத்தில் 3 மணி நேரம், ஈ-240 என்றால் 4 மணி நேரம். எல்.பி. (லாங் பிளே) என்ற மெதுவான வேகத்தில் இது இரட்டிப்பாகும், தரம் இறங்கும். கையால் எழுதிய லேபிளை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரே கேசட்டில் மேலே மேலே பதிவு செய்வது எல்லா ஊரிலும் நடந்ததுதான். ஆனால் லேபிளைப் படம் எடுத்து வையுங்கள். பின்னால் ஒரு தேதி சந்தேகத்தில் நிற்கும்போது அதுவும் ஒரு துண்டுச் சான்று.

எஸ்டோனியாவிலிருந்து வரும் கேசட்டுகளுக்குத் தனி எச்சரிக்கை. சோவியத் காலத்தில் டாலின் நகரத்தில் ஃபின்லாந்து டிவி நன்றாகத் தெரிந்தது. ஆனால் சோவியத் பெட்டிகளின் ஒலி அலைவரிசை வேறு, நிற முறையும் செக்காம். அதனால் ஃபின்லாந்து நிகழ்ச்சிக்கென்று பெட்டிக்குள் தனிச் சில்லுப் பலகை பொருத்திப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பதிவானது நிறமில்லாமலோ ஒலியில்லாமலோ இருக்கக்கூடும். அதைப் பார்த்து "இந்த லோகோ கறுப்பு வெள்ளை, இசை இல்லாதது" என்று எழுதிவிட்டால், இல்லாத ஒரு வகையை உருவாக்கிவிடுவோம்.

ஓட்டுவதும் பிடிப்பதும்

ஃபின்லாந்து பயன்படுத்தியது பால் பி/ஜி என்னும் ஒளிபரப்பு முறை. 625 வரி, வினாடிக்கு 25 பிரேம், அதாவது 50 ஃபீல்டு (ஒரு பிரேமின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்த பாதிப் படம் ஒரு ஃபீல்டு). பிடிக்கும் கருவியை முதலிலேயே பால் என்று அமையுங்கள். அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி.யில் விட்டுவிட்டால் படம் உருளும், அல்லது கருவி தானே மாற்றிக்கொடுக்கும் 29.97 பிரேம் கோப்பு கிடைக்கும். அது வெளிப்பார்வைக்கு நன்றாக இருப்பதுதான் ஆபத்து. பின்னால் பிரேம் எண்ணும்போது எல்லாக் கணக்கும் தப்பும்.

பிளேயர் எஸ்-வி.எச்.எஸ். வகையாக, உள்ளே டி.பி.சி. என்னும் நேரத் திருத்தி உள்ளதாக இருந்தால் நல்லது. கோடுகள் ஆடாமல் நிற்கும். கிடைக்காவிட்டால், எச்.டி.எம்.ஐ.க்கு முந்தைய காலத்து டிவிடி ரெக்கார்டர் ஒன்றை இடையில் வைத்து, சிக்னலை அதன் வழியே அனுப்பலாம். பல மாடல்கள் இந்த வேலையை நன்றாகவே செய்கின்றன. இணைப்பு எஸ்-வீடியோவாக இருக்கட்டும். ஸ்கார்ட் கேபிள் வழியே எடுத்தால், பிளேயரின் மெனுவில் அந்த வெளியீட்டை எஸ்-வீடியோவுக்கு மாற்றியிருக்கிறோமா என்று பாருங்கள். மாற்றாமல் விட்டால் படம் கறுப்பு வெள்ளையாக வரும், அல்லது நிற விளிம்புகளில் எறும்பு ஊர்வதுபோல் புள்ளிகள் ஓடும்.

கோப்பு 720×576, இழப்பில்லாச் சுருக்கம்: எஃப்.எஃப்.வி.1 அல்லது ஹஃப்-ஒய்.யு.வி. சுருக்காமல் எடுத்தால் மணிக்கு ஏறக்குறைய 75 ஜிபி, இவற்றில் பாதி அளவு. எச்.264இல் நேரடியாகப் பிடிப்பவர்கள் பலர். டேப் இரைச்சலை அந்தச் சுருக்கி அசைவு என்று எண்ணிப் பிட்டுகளை அங்கே செலவழித்துவிடும். கறுப்புப் பின்னணியில் மெல்ல மங்கி மறையும் லோகோ கட்டம் கட்டமாக உடையும். முடிவு லோகோக்கள் பல கறுப்பிலிருந்து எழுந்து கறுப்பில் மறைபவை, ஆகவே இது சின்ன இழப்பு அல்ல.

வெளிச்ச அளவு 16 முதல் 235 வரை என்ற வரையறையில் இருக்க வேண்டும். மென்பொருள் அதை 0 முதல் 255 என்று தவறாக எடுத்துக்கொண்டால் கறுப்பு சாம்பலாக வெளிறும். மாறாகத் தவறினால் கருநீலப் பின்னணி முழுக் கறுப்பாகி, அதன்மேல் மங்கலாக எழுதிய பெயரே காணாமல் போகும். இரண்டு பேர் ஒரே லோகோவுக்கு "நீலப் பின்னணி", "கறுப்புப் பின்னணி" என்று சண்டை போடும்போது பெரும்பாலும் காரணம் இதுதான்.

ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். பிளேயரில் ஹை-ஃபை தடமும் சாதாரண நேர்த்தடமும் இருந்தால் இரண்டையும் தனித்தனியாகப் பிடியுங்கள். ஹை-ஃபை தெளிவாக இருக்கும். ஆனால் டேப் தேய்ந்திருந்தால் 'பர்ர்' என்ற இரைச்சல் ஏறும். அப்போது நேர்த்தடம் கைகொடுக்கும்.

படத்தின் அடியில் ஆறேழு வரி கிழிந்து இழுபட்டதுபோல் இருக்கும். ஹெட் மாறும் இடம் அது. பழைய பெட்டிகளில் திரைச் சட்டம் மறைத்துவிடும், கணினியில் தெரியும். அழகுக்காக அதை வெட்டாதீர்கள். உரிமை வரியும் ஆண்டும் பல லோகோக்களில் அடியில்தான் பொடி எழுத்தில் நிற்கின்றன. மூலக் கோப்பைத் தொடாமல் வைத்து, காட்சிக்கான பிரதியில் மட்டும் அந்த வரிகளைக் கறுப்பால் மூடுங்கள்.

50 ஃபீல்டும் வேண்டும்

லோகோ வேலையில் அதிகம் கெடுவது இந்த இடத்தில்தான். 4 வினாடி லோகோ என்றால் 100 பிரேம், 200 ஃபீல்டு. அன்று திரையில் எழுத்து வரைந்த எந்திரங்களும் கிராஃபிக்ஸ் கருவிகளும் அசைவை ஃபீல்டு ஃபீல்டாக வரைந்தன. அதாவது வினாடிக்கு 50 வெவ்வேறு நிலைகள். இன்டர்லேஸை, அதாவது இரண்டு ஃபீல்டின் பின்னலை, நீக்கும்போது 25 பிரேமாகச் சுருக்கினால் அசைவில் சரிபாதி போய்விடும். சுழலும் எழுத்து தத்தித் தத்திச் சுழலும். பி.டபிள்யூ.டி.ஐ.எஃப். வடிகட்டியோ கியூ.டி.ஜி.எம்.சி.யோ எதைப் பயன்படுத்தினாலும், ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழுப் பிரேமாக்கி வினாடிக்கு 50 தரும் அமைப்பில் வையுங்கள்.

ஃபீல்டு வரிசையும் முக்கியம். சாதாரணக் கேப்சர் கார்டில் பால் படத்துக்கு மேல் ஃபீல்டு முதலில் வரும். டிஜிட்டல் வீடியோ (DV) கேம்கார்டர் வழியே, அதே DV வடிவக் கோப்பாகப் பிடித்தால் கீழ் ஃபீல்டு முதலில். தவறாக அமைத்தால் அறிகுறி தெளிவு: வலப்பக்கம் நகரும் எழுத்து இரண்டடி முன்னே, ஓரடி பின்னே என்று நடுங்கும். பெயர்ப்பட்டியல் மேலே ஏறும் இடத்தில் ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொரு சிக்கல் தொடர் நாடகங்களில் வரும். நாடகம் ஃபிலிமில், வினாடிக்கு 25 பிரேமில் எடுக்கப்பட்டிருக்கும். அதில் இரண்டு ஃபீல்டும் ஒரே கணம், அசையும் விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் தெரியாது. அதைப் பார்த்து "இதற்கு இன்டர்லேஸ் நீக்கம் தேவையில்லை" என்று விட்டுவிடுவார்கள். ஆனால் கடைசி லோகோ வீடியோவில் ஒட்டப்பட்டது, அது ஃபீல்டில் அசைவது. முடிவு எடுக்குமுன் லோகோவின் நடுப் பிரேமையே நிறுத்திப் பாருங்கள்.

சினிமா நிறுவனத்தின் லோகோ டிவியில் வந்தால் வேகத்தையும் யோசிக்க வேண்டும். 24 பிரேம் ஃபிலிமை டிவியில் 25ஆக ஓட்டினார்கள். நீளம் சுமார் 4 விழுக்காடு குறையும், இசை முக்கால் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக மேலே ஏறும். திரையரங்குப் பிரதியோடு ஒப்பிட்டு "சுருதி மாறிய இன்னொரு வகை" என்று எழுதியவர்கள் உண்டு. வகை அல்ல, வேகம்தான்.

திரையிலிருந்து நிலைப்படம் எடுத்து வைக்கும்போது அகல உயரத்தைத் திருத்துங்கள். 720×576இன் புள்ளிகள் சதுரம் அல்ல. 4:3 படத்தை 768×576 என்று மாற்றினால் வட்டம் வட்டமாக நிற்கும். அகலத்திரைப் படம் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு வந்திருந்தால் படம் உள்ள பகுதி 432 வரி. லோகோ அந்த 432க்குள் நிற்கிறதா, 576 முழுவதையும் நிரப்புகிறதா என்று குறித்து வையுங்கள்.

தேதி கண்டுபிடிப்பது

உரிமை வரியில் ஆண்டு இருந்தால் அது தயாரித்த ஆண்டு மட்டுமே. மறு ஒளிபரப்பு பல ஆண்டு கழித்தும் வரும். நிகழ்ச்சி நிரலில் 'ஊசிந்தா' என்று போட்டிருந்தால் அது மறு ஒளிபரப்பு. ஒளிபரப்பு நாளுக்கு டெலிடெக்ஸ்ட்டைப் போன்ற சான்று வேறில்லை.

பொது ஒளிபரப்பான யுலே தன் 'தெக்ஸ்தி டிவி' சேவையை 1981 அக்டோபரில் தொடங்கியது. படத்தின் மேல் விளிம்புக்கும் மேலே, திரையில் காட்டாத வரிகளில் இந்தத் தரவு ஓடும். ஒவ்வொரு பக்கத்தின் தலைவரியிலும் நாள், தேதி, ஓடும் கடிகாரம். வி.எச்.எஸ். பதிவிலும் இந்த வரிகள் பதிவாகியிருக்கும், ஆனால் மழுங்கி. டெலிடெக்ஸ்ட் வினாடிக்கு 69,37,500 பிட்டு அனுப்புவது. வி.எச்.எஸ். தாங்குவதோ சுமார் 3 மெகாஹெர்ட்ஸ். பிட்டுகள் ஒன்றோடொன்று குழைந்துவிடும். தனித்தனியாகப் படிக்க முடியாவிட்டாலும், குழைந்த அலையின் வடிவத்தை ஒப்பிட்டு, திரும்பத் திரும்ப வரும் பக்கங்களைச் சேர்த்துப் படிக்கும் திறந்த மென்பொருள் இருக்கிறது.

செய்முறை இதுதான். பி.டி.878 சில்லு உள்ள பழைய கேப்சர் கார்டு ஒன்றை லினக்ஸ் கணினியில் போடுங்கள். இந்தக் கார்டு மறைவரிகளைப் பச்சையாக அப்படியே தரும். டேப்பை இரண்டாம் முறை ஓட்டி, லோகோவைச் சுற்றி 10 நிமிடமாவது மறைவரிகளை மட்டும் பதிவு செய்யுங்கள். இந்த ஓட்டத்தில் டி.பி.சி.யும் வேண்டாம், டிவிடி ரெக்கார்டரும் வேண்டாம். இரண்டுமே மறைவரிகளை அழித்துவிட்டுச் சுத்தமான வெற்று வரியை அனுப்பக்கூடியவை. "என் டேப்பில் டெலிடெக்ஸ்ட் இல்லை" என்று சொல்பவர்களில் பலர் தங்கள் கையாலேயே அதை அழித்தவர்கள். எல்.பி. வேகப் பதிவிலும் பிரதி எடுத்த பிரதியிலும் வெற்றி குறைவு. ஆனால் நமக்கு முழுப் பக்கமும் தேவையில்லை, தலைவரி ஒன்று தேறினால் போதும்.

தலைவரியில் பொதுவாக ஆண்டு இருக்காது. நாளையும் தேதியையும் சேர்த்தால் ஆண்டு பிடிபடும். ஃபின்னிஷ் நாள் சுருக்கங்கள் திங்கள் தொடங்கி மா, தி, கே, தோ, பே, லா, சு. "தோ 12.3." என்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம்: மார்ச் 12, வியாழன். அந்தத் தேதி வியாழனில் விழுந்த ஆண்டுகள் 1981, 1987, 1992, 1998, 2009. 1981 மார்ச்சில் தெக்ஸ்தி டிவி இல்லை. 2009இல் அனலாக் ஒளிபரப்பே இல்லை, ஆன்டெனா ஒளிபரப்பு 2007 ஆகஸ்ட் கடைசியோடும் கேபிளில் 2008 பிப்ரவரியோடும் முடிந்தது. மிஞ்சுவது மூன்று. சேனல் எம்.டி.வி.3 என்றால் அது 1993 ஜனவரியில் பிறந்த பெயர். ஆக 1998தான். நெலோனென் என்றாலும் 1998, அந்தச் சேனல் 1997 ஜூனில் தொடங்கியது. விளம்பரத் தொலைக்காட்சி நிறுவனமான எம்.டி.வி.யின் நிகழ்ச்சி யுலேயின் சேனலில் வந்திருந்தால் 1987 அல்லது 1992. தனிச் சேனல் கிடைக்கும்வரை, 1992 முடிய, எம்.டி.வி. யுலேயின் இரண்டு சேனல்களில் நேரம் பெற்றுத்தான் ஒளிபரப்பியது. 1986 டிசம்பரில் தொடங்கிய கோல்மோஸ்கனவா என்ற மூன்றாம் சேனலின் பெயர் தெரிந்தாலும் அதே இரண்டு ஆண்டுகள்தான் மிஞ்சும்.

மற்றப் பதிவுகளில் காலத்தைக் குறுக்க விளம்பரங்களையும் பாருங்கள். விலை ஃபின்லாந்தின் பழைய நாணயமான மார்க்காவில் இருந்தால் 2002க்கு முன். தொலைபேசி எண் இன்னும் கூர்மையானது: 1996 அக்டோபர் 12 அன்று ஃபின்லாந்து முழுக்க ஊர்க் குறியீடுகள் மாறின. ஹெல்சிங்கியின் 90 என்பது 09 ஆனது. விளம்பரத்தில் அடைப்புக்குறிக்குள் 90 என்று கண்டால் அந்த நாளுக்கு முன்னால் என்று உறுதியாக எழுதலாம். டிஜிட்டல் காலத்துப் பதிவுகளுக்கு வேறு அடையாளம். வயது வரம்பு 11, 13, 15 என்றிருந்தால் 2012க்கு முன், 12, 16 என்றிருந்தால் பின். நிகழ்ச்சியில் விளம்பரப் பொருள் வைக்கப்பட்டிருக்கிறது என்ற அறிவிப்பு தொடக்கத்திலும் முடிவிலும் தெரிந்தால் 2010 அல்லது அதற்குப் பின்.

இதெல்லாம் முடிந்த பிறகு நாளிதழின் நிகழ்ச்சி நிரலோடு ஒப்பிடுங்கள். டெலிடெக்ஸ்ட் கடிகாரமும் நாளிதழ் சொல்லும் முடிவு நேரமும் சில நிமிடத்துக்குள் ஒத்துப்போனால் தேதி உறுதி.

பெயரைச் சரியாகப் படிப்பது

பெயர்ப்பட்டியலில் இந்தச் சொற்கள் தெரிந்தால் போதும்: துவோதந்தோ என்றால் தயாரிப்பு, துவோத்தயா தயாரிப்பாளர், ஓஹ்யவுஸ் இயக்கம், குவவுஸ் ஒளிப்பதிவு, லெய்க்கவுஸ் படத்தொகுப்பு. நிறுவனப் பெயரிலேயே துவோதந்தோ ஒட்டியிருக்கும், நகைச்சுவைக் கலைஞர் ஸ்பெதெ பசானெனின் 'ஸ்பெதெ-துவோதந்தோ' போல.

ஃபின்னிஷ் எழுத்தில் குறில் நெடில் வேறுபாடும் ஒற்று இரட்டிப்பதும் பொருளை மாற்றும். இந்த விஷயத்தில் தமிழ்க் காது நமக்குப் பெரிய துணை. துலி என்றால் நெருப்பு, தூலி என்றால் காற்று, துல்லி என்றால் சுங்கம். ஆங்கிலம் மட்டும் பழகியவர் மூன்றையும் ஒன்றாகக் கேட்பார், நமக்கு மூன்றும் வேறு. அதே கவனத்தை எழுத்திலும் வையுங்கள். ஒரு எழுத்து இரட்டிக்காமல் விட்டால் தரவுத்தளத்தில் எதுவும் கிடைக்காது. அதைவிடத் தொல்லை, எழுத்தின் மேல் நிற்கும் இரட்டைப் புள்ளி. நமக்குப் புள்ளி போனால் மெய் உயிர்மெய் ஆகிவிடுவதுபோல, அவர்களுக்கு அந்தப் புள்ளி போனால் வேறு உயிரெழுத்து, அகராதியில் வேறு இடம். வி.எச்.எஸ். மங்கலில் முதலில் மறைவது அதுதான். பத்துப் பதினைந்து பிரேம்களை அடுக்கிச் சராசரி எடுங்கள். லோகோ அசையாமல் நிற்கும் இடத்தில் இரைச்சல் அடங்கி, புள்ளிகள் இரண்டும் தனித்தனியாக எழும்பிவரும்.

பெயருக்குப் பின்னால் ஓ-ஒய் என்ற இரண்டெழுத்து இருந்தால் அது ஃபின்னிஷ் மொழியில் லிமிடெட் கம்பெனி. ஏ-பி என்பது அதே பொருளில் ஸ்வீடிஷ். ஃபின்லாந்தில் இரண்டும் ஆட்சிமொழி என்பதால் ஒரே பெயரில் இரண்டும் இருக்கலாம், அப்படி இருந்தால் ஃபின்லாந்து நிறுவனம் என்பது நிச்சயம். பெயர்ப்பட்டியல் முழுக்க ஸ்வீடிஷில் ஓடியதாலேயே ஸ்வீடன் நாட்டுத் தயாரிப்பு என்று எழுதிவிடாதீர்கள். யுலேயின் ஸ்வீடிஷ் பிரிவு இப்படி ஏராளமாகத் தயாரித்தது.

இரண்டு பெயர்க் குழப்பங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஃபின்லாந்தின் எம்.டி.வி. என்பது 'மைனோஸ் டெலிவிசியோ', விளம்பரத் தொலைக்காட்சி, 1957இல் தொடங்கியது. அமெரிக்காவின் பாட்டுச் சேனலுக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஆந்தைச் சின்னம் கண்டால் இது அவர்களுடையது. இரண்டாவது, 'சுவோமென் ஃபில்மிதேவொல்லிசூஸ்' 1933இல் தொடங்கி 1965இல் திவாலான சினிமா நிறுவனம். அதே கடைச் சொல்லைப் பெயரில் கொண்ட டிவி தயாரிப்பு நிறுவனம் ஒன்று பின்னாளில் இயங்கியது. 90களின் லோகோவைப் பழைய நிறுவனத்தின் கணக்கில் எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை.

பெயர் தெரிந்ததும் ஒய்-டி-ஜே என்ற அரசுப் பதிவேட்டில் இலவசமாகத் தேடுங்கள். நிறுவனத்தின் எண் கிடைக்கும்: ஏழு இலக்கம், ஒரு கோடு, ஒரு சரிபார்ப்பு இலக்கம். பெயர் நான்கு முறை மாறினாலும் எண் மாறாது, ஆகவே உங்கள் குறிப்பில் எண்ணையும் எழுதுங்கள். தட்டச்சுப் பிழையைப் பிடிக்க ஏழு இலக்கங்களை முறையே 7, 9, 10, 5, 8, 4, 2 ஆல் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்த மீதியை 11இலிருந்து கழியுங்கள். 1234567 என்றால் கூட்டுத்தொகை 153, மீதி 10, ஆகச் சரிபார்ப்பு இலக்கம் 1. மீதி 0 வந்தால் இலக்கமும் 0, மீதி 1 வரும் எண்கள் கொடுக்கப்படுவதே இல்லை. 2009க்குப் பிந்தைய நிகழ்ச்சிகளுக்குக் காவியின் 'ரித்வா' தரவுத்தளத்தில் ஒளிபரப்பு நேரம்வரை கிடைக்கும். நிகழ்ச்சியையே பார்க்க வேண்டுமானால் அதற்கென்று வைத்த முனையங்களுக்குப் போகவேண்டும்.

குறிப்பு எழுதும் முறை

பார்த்ததை, பார்த்த வரிசையில் எழுதுங்கள். பொதுவான ஒரு மாதிரி:

"கறுப்பு, 12 பிரேம். இடமிருந்து வெள்ளைக் கோடு நுழைந்து 20ஆம் பிரேமில் நடுவில் நிற்கிறது. அதன் மேல் நிறுவனப் பெயர் பெரிய எழுத்தில் மங்கலிலிருந்து தெளிகிறது. 38ஆம் பிரேம் முதல் 90 வரை அசைவில்லை. அடியில் உரிமை வரி, ஆண்டு படிக்க முடியவில்லை. 100இல் முழுக் கறுப்பு. ஒலி: தொடரின் இறுதி இசை 31ஆம் பிரேம் வரை நீள்கிறது, லோகோவுக்குத் தனி இசை இல்லை. மூலம்: வி.எச்.எஸ்., முதல் பிரதி, சாதாரண வேகம்."

இசை நீள்வதைக் குறிப்பது மிக முக்கியம். தொடரின் இறுதி இசை லோகோமேல் வழிவதை லோகோவின் சொந்த இசை என்று எழுதினால், வேறொரு தொடரில் அதே லோகோ வரும்போது "இசை மாறிய வகை" என்ற பொய்யான பதிவு பிறக்கும். அறிவிப்பாளர் குரல் மேலே விழுந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ஒரே லோகோவை இரண்டு தொடர்களிலாவது பார்த்த பிறகுதான் எது அதன் சொந்த ஒலி என்று துணிந்து எழுதலாம்.

நிறத்துக்கு எண் கொடுக்காதீர்கள். வி.எச்.எஸ்.ஸில் நிறத் துல்லியம் மிகக் குறைவு. சிவப்பு வலப்பக்கம் வழியும், பிரதி எடுக்க எடுக்க நிறம் கீழேயும் இறங்கும். "அடர் நீலம்" என்பதே நேர்மையான விவரம். "முதலில் வந்தது 1989" என்றும் எழுத வேண்டாம், "கண்டவற்றில் மிகப் பழையது 1989" என்று எழுதுங்கள். அடுத்த கேசட் அதை மாற்றக்கூடும்.

போலியைக் கண்டுபிடிக்க

யாரோ கணினியில் செய்து, மேலே டேப் இரைச்சல் பூசிய லோகோக்கள் நிறைய உலவுகின்றன. ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பாருங்கள். உண்மையான பால் பதிவில் ஃபீல்டு அசைவு இருக்கும். 30 பிரேம் கோப்பில் எந்தப் பிரேமும் மீளாமல், கலங்காமல் அசைவு சீராக இருந்தால் அது 25இலிருந்து மாறி வந்ததல்ல, ஃபின்லாந்து ஒளிபரப்பும் அல்ல. நிறத்தின் விளிம்பு வெளிச்சத்தின் விளிம்பளவு கூர்மையாக நின்றால் அது வி.எச்.எஸ். அல்ல. அடியில் ஹெட் மாறும் கிழிசல் இல்லை, முன்னும் பின்னும் ஒரு வினாடிகூட ஒளிபரப்பு இல்லை, மூலம் கேட்டால் பதில் இல்லை என்றால் பட்டியலில் சேர்க்க வேண்டாம். முன்னும் பின்னும் 5 நிமிடம் வையுங்கள் என்று சொன்னதன் இன்னொரு பயன் இது. உங்கள் பதிவை யாரும் சந்தேகிக்க முடியாது.

வெளியிடும்போது

முழு நிகழ்ச்சியையும் ஏற்றாதீர்கள். ஃபின்லாந்துக் காப்புரிமைச் சட்டம் 12ஆம் பிரிவில் சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுக்க இடம் தருகிறது. வெளியிட்ட படைப்பிலிருந்து தேவையான அளவுக்கு மேற்கோள் காட்ட 22ஆம் பிரிவு இடம் தருகிறது. லோகோவும் அதன் விளக்கமும் சேர்ந்த சில வினாடி வேறு, ஒரு மணி நேர நாடகம் வேறு. 10 நிமிட மூலத்தை உங்கள் வட்டிலும் இன்னொரு ஊரில் உள்ள ஒரு வட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

யூடியூபில் 576 வரிக் கோப்பை அப்படியே ஏற்றினால் அது 25 பிரேமாகக் குறைத்துவிடும், காரணம் 720க்குக் கீழே 50 பிரேம் தருவதில்லை. இத்தனை பாடுபட்டுக் காத்த பாதி அசைவு கடைசிப் படியில் போகும். ஏற்றுவதற்கான பிரதியை 1440×1080, வினாடிக்கு 50 பிரேம் என்று பெரிதாக்கி ஏற்றுங்கள். விளக்கப் பகுதியில் கேசட்டின் தலைமுறை (எத்தனையாவது பிரதி), வேகம், தேதிக்கான சான்று, நிறுவன எண் நான்கையும் எழுதுங்கள். ஏற்றி முடித்ததும் திரையில் தரத்தை 1080க்கு மாற்றி, பெயர்ப்பட்டியல் தத்தாமல் ஏறுகிறதா என்று ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.